குக்கர் விசில் அடிக்கக் கூடாத ஊர்

என் மகள் இருக்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டிலைத் தொட்டியில் போடக் கூடாது. மற்ற நாட்களில் போடலாம், ஆனால் மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை கூடாது. வெள்ளைப் பாட்டிலுக்கு ஒரு தொட்டி, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று. நான் போய் இறங்கிய மூன்றாம் நாள், கிழமை மறந்துபோய், ஊறுகாய் பாட்டில் இரண்டைக் கொண்டுபோய்ப் போட்டேன். கண்ணாடி உடைந்த சத்தம் அடங்குவதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. என் வயதுள்ள ஒரு அம்மாள் தலையை நீட்டி நிதானமாக, நீளமாக என்னவோ சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை. நான் சிரித்துக் கையசைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"ஜெர்மனி போயிட்டு வந்தீங்களாமா, ஊரெல்லாம் எப்படீங்க?" என்று எடப்பாடியில் யார் கேட்டாலும் இந்தப் பாட்டில் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். கேட்பவர்கள் எதிர்பார்ப்பது வேறு. பனி, சுத்தம், பளபளவென்று சாலை. அதெல்லாம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டரை மாதம் அந்த ஊர் என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நான் போனது ஊர் பார்க்க இல்லை. மகள் அங்கே பால், தயிர் அடைக்கும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினீயர். தனியாக இருக்கிறாள். மார்கழிக் கடைசியில் ஒருநாள் வேலைக்குக் கிளம்பியவள் உறைபனியில் சறுக்கி விழுந்து, கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்றார்கள். "யாரும் வர வேண்டாம்மா, நானே பாத்துக்கறேன்" என்று போனில் சொன்னாள். மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது, ஒற்றைக் கால். என்னத்தைப் பார்த்துக்கொள்வாள்?

என் கணவருக்குத் தறிக்கூடத்தை விட்டு நகர முடியாது. வீட்டுக்குப் பின்னாலேயே எட்டு விசைத்தறி. நான் தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. "நீ போ புள்ள. கொள்ளு, பருப்பு எல்லாம் கட்டிக்க. என்னத்தத் தின்னுட்டுக் கெடக்கறாளோ" என்றார். விசா கைக்கு வந்து நான் போய்ச் சேர்ந்தபோது தை முடியப் போகிறது.

ஊர் ஒன்றும் பெரிதில்லை. நடுவில் கல் பாவிய ஒரு சதுக்கம், அதில் ஒரு தேவாலயம். கீழே ஓடும் சின்ன ஆற்றுக்கு ஒரு பாலம். பேக்கரி ஒன்று, மருந்துக்கடை ஒன்று, முடிதிருத்தும் கடை ஒன்று. வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் பதித்த பழைய வீடுகள், ஒவ்வொரு ஜன்னலிலும் துவைத்து மடித்தது போல ஒரு திரை. எங்கள் ஊர்ச் சந்தையில் தேங்காய் விற்கும் மூலையில் நிற்கும் கூட்டம்கூட அந்த ஊரில் மொத்தமாகத் தெருவில் இருந்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் எங்கே போனார்கள் என்று கேட்டால் மகள், "ஊட்டுக்குள்ள இருப்பாங்கம்மா" என்பாள்.

முதல் வாரத்திலேயே ஊர் தன் குணத்தைக் காட்டிவிட்டது. பாலத்துக்குப் பக்கத்தில் நடப்பவர்களுக்கு ஒரு சிக்னல் உண்டு. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டி கிடையாது. நான் பாட்டுக்குக் கடந்தேன். அந்தப் பக்கம் சிவப்பு விளக்குக்காகக் காத்து நின்ற ஒரு பெரியவர், நான் கிட்டே வந்ததும் கைத்தடியால் விளக்கைக் காட்டி, என்னைக் காட்டி, மறுபடி விளக்கைக் காட்டினார். தொண்டை வலிக்கு மாத்திரை வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரர், நான் நினைத்திருந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று சொல்லி, மூலிகைத் தேநீர் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தார். பேக்கரியில் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. யாருக்குப் பிறகு யார் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பேக்கரி அம்மாள் நல்ல உயரம், முழங்கைவரை மாவு. நான் முறை தவறி ரொட்டி கேட்டதற்கு என்னைப் பார்த்த பார்வையில் நான் அன்றைக்கு ரொட்டியே வாங்காமல் திரும்பிவிட்டேன்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்க முடியாதது சத்தம் இல்லாததுதான். எங்கள் வீட்டில் தறி ஓடும் சத்தத்தில்தான் பேசுவோம், சாப்பிடுவோம், மகளும் அந்தச் சத்தத்தில்தான் படித்தாள். அங்கே நான் டம்ளரைக் கீழே வைத்தால் எனக்கே கேட்கிறது. கணவருக்குப் போன் செய்தால் அவர் குரலுக்குப் பின்னால் தறி கடகடவென்று ஓடும். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் வைக்க மனசு வராது. ஊரில் அனுமதி உள்ள ஒரே சத்தம் தேவாலய மணி. அது மட்டும் கால் மணிக்கு ஒருமுறை, ராத்திரி பகல் பார்க்காமல் அடிக்கும். அதை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

எங்களைக் கேட்பதற்கு ஆள் இருந்தார். மகள் வீட்டுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் குடியிருந்த மனிதர். எழுபதைத் தாண்டியவர், ஒல்லி, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்து வணக்கம் சொல்வார். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கடிதம் எழுதி எங்கள் தபால் பெட்டியில் போடுவார். நேரில் பார்த்த மனிதரிடம் நேரிலேயே சொன்னால் என்ன? முப்பது வருஷத்துக்கு மேல் கடிதங்களோடு புழங்கிய எனக்கு, இந்த மாதிரி ஒரு கடிதப் போக்குவரத்து தெரியாது.

நான் போன பிறகு வந்த முதல் கடிதம் என் நடையைப் பற்றி. நான் குதிகாலை ஊன்றி நடக்கிறேனாம். மகள் படித்துச் சொன்னாள். "மதிப்புக்குரிய அண்டை வீட்டாருக்கு" என்று ஆரம்பித்து "நட்பான வணக்கங்களுடன்" என்று முடிந்திருந்தது. இரண்டாவது, நான் மிளகு சீரகம் இடிப்பதைப் பற்றி. அதன்பிறகு இடிகல்லுக்கு அடியில் துண்டை நான்காக மடித்துப் போட்டு இடித்தேன். மூன்றாவது கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. அதைப் படித்ததும் மகள் முகம் சிவந்துவிட்டது.

"என்ன எழுதியிருக்கறாரு?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் உங்க ஊட்ல ஏதோ நீராவி எந்திரம் ஓட்டறீங்க, அது என்ன எந்திரம், ஓய்வு நேரத்துல அத நிறுத்தி வைக்க முடியுமான்னு கேட்டிருக்காரும்மா."

குக்கர். எடப்பாடியிலிருந்து சேலைக்கு நடுவில் சுற்றி எடுத்துப் போன மூன்று லிட்டர் குக்கர். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

மறுநாள் காலை அதே பேச்சு சண்டையாக வளர்ந்தது. தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் ஒரு பெண் எங்கள் இருவரையும் பக்கத்து ஊரில் இருக்கும் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். ஆறு வாரம் முடிந்து மகள் ஊன்றுகோலோடு மெல்லப் படி இறங்க ஆரம்பித்திருந்த நேரம்.

"நான் வரல. அங்க வந்தும் கையக் கட்டிட்டுக் கம்முனு உக்காரோணுமா?" என்றேன்.

"உன்னை யாரும் கட்டிப் போடலம்மா. ஊருக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குதுல்ல?"

"ஒழுங்கா? சோறாக்கறதுக்கு ஒரு மனுசன்கிட்டப் பர்மிஷன் வாங்கறது ஒழுங்கா?"

"நீ ரெண்டு மாசத்துல போயிருவ. நான்தான இங்க இருக்கோணும்?" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. அந்தப் பெண் வந்து அவளைத் தாங்கி ஒவ்வொரு படியாக இறக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சரி, விசில்தானே ஆகாது என்று குக்கரைத் தொடாமல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஊறவைத்திருந்த கொள்ளை அதில் வேகப் போட்டேன். திறந்த பாத்திரத்தில் கொள்ளு எப்போது வேகும்? ஒரு மணி நேரம் ஆகியும் விரலுக்கு மசியவில்லை. கோபத்தில் இருந்தவளுக்குச் சும்மா இருக்கவும் முடியவில்லை. காய்கறித் தோலைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும், மக்கும் குப்பைக்கான பழுப்புத் தொட்டியில் கொட்டப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காய்த்தோல் கொட்டலாம். அதற்குச் சத்தம் கிடையாது.

திரும்பி வந்தால் தெருவாசல் கதவு சாத்தியிருந்தது. அந்த ஊர்க் கதவுகளுக்கு வெளியே கைப்பிடி திருகு கிடையாது. சாத்தினால் சாத்தியதுதான், சாவி இல்லாமல் திறக்காது. மேலே மூன்றாம் மாடிக் கதவும் அப்படித்தான். "சாவி இல்லாம வாசலத் தாண்டாதம்மா" என்று மகள் தினமும் சொல்வாள். அன்றைக்குச் சொல்லாமல் போயிருந்தாள். சாவி, போன் இரண்டும் சமையலறை மேசையில். அடுப்பில் கொள்ளு. நான் சேலைக்கு மேல் கணவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கையில் காலிக் கிண்ணத்தோடு தெருவில்.

வாசலில் மூன்று அழைப்பு மணி. அங்கே கதவு எண் கிடையாது, பெயர்தான். மேலே எங்களுடையது. கீழே முதல் மாடிக்காரர்களுடையது. அவர்கள் பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்தார்கள். நடுவில் அவர். விரலை மணிவரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அந்த நேரம் பார்த்து தேவாலயத்தில் ஒரு மணி அடித்தது. ஒன்றிலிருந்து மூன்றுவரை ஓய்வு நேரம். விரலை எடுத்துவிட்டேன்.

இதை எழுதும்போதும் எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது. தபால் பட்டுவாடாவுக்கு ஆள் வராத நாட்களில் நானே பையைத் தூக்கிக்கொண்டு போய் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். குரைக்கிற நாய் இருக்கும் வீட்டையும் விட்டதில்லை. அப்படிப்பட்டவள், வீட்டில் அடுப்பு எரிகிறபோது, ஒரு மணியை அழுத்தப் பயந்து நின்றேன். மூன்று கடிதம் என்னை அவ்வளவு தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தது.

தெருவில் யாராவது தென்படுவார்கள், போனை வாங்கி மகளைக் கூப்பிடலாம் என்று நடந்தேன். அவள் எண் எனக்கு மனப்பாடம். பேக்கரி மூடியிருந்தது. மருந்துக்கடை மூடியிருந்தது. சதுக்கத்தில் ஒரு காக்கைகூட இல்லை. பாலத்துப் பக்கம் போகலாம் என்று போனால் சிவப்பு விளக்கு. நின்றேன். அடுப்பில் தண்ணீர் சுண்டிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் ஈ காக்கை இல்லை, நான் காலிச் சாலையில் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கிறேன். பச்சை விழுந்து, கடந்து, ஆற்றங்கரைவரை போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. கால் விறைத்துப்போய்த் திரும்பினேன்.

எங்கள் தெருமுனைக்கு வந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. வீட்டுக் கூரையில் புகை வந்தால் கத்துவதற்கு வட்டமாக ஒன்று வைத்திருப்பார்கள். அது கத்தியது. அந்த ஊரில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னல் இடுக்கிலிருந்து புகை வெளியே வந்துகொண்டிருந்தது.

நான் ஓடி வந்து நிற்கவும் இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது. அவர்தான். என்னைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"தீ! தீங்க! அடுப்பு! மேல பாருங்க!" என்று கத்தினேன். கிண்ணத்தைப் பிடித்திருந்த கையாலேயே மேலே காட்டினேன். அவர் உடம்பை வெளியே நீட்டி நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடி ஜன்னலில் ஆள் இல்லை. கீழே கதவு திறந்தது. வீட்டுச் செருப்பு, காதில் போன். என் கையைப் பிடித்து இழுத்துத் தெருவின் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். போனில் பேசி முடித்ததும் என் முகத்துக்கு நேராக நின்று என்னவோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. இரண்டு கையையும் அக்குளில் வைத்து, ஒரு காலைத் தூக்கி, நொண்டி நடப்பது போலக் காட்டினார். பிறகு மேலே கையைக் காட்டினார். மகள் உள்ளே இருக்கிறாளா என்று கேட்கிறார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். நாம் ஆட்டுகிற ஆட்டு இருக்கிறதே, பதற்றத்தில் அது எந்தப் பக்கம் போனதோ தெரியாது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். திரும்பி வீட்டுக்குள் ஓடினார்.

"ஏனுங்க! அவ இல்லீங்க! போவாதீங்க!" என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த வயதில் அத்தனை படியையும் அவர் எப்படி ஏறினார் என்று தெரியவில்லை. நான் இரண்டாம் மாடியை எட்டியபோது மேலே அவர் இரண்டு கையாலும் எங்கள் கதவை அறைந்துகொண்டிருந்தார். அறைந்துகொண்டே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அழைப்பு மணியில் மகள் பெயருக்குப் பின்னால் எழுதியிருப்பது அவள் அப்பா பெயர். அங்கே அதைத்தான் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாத என் கணவரின் பெயரை, ஜெர்மனியில் ஒரு மாடிப்படியில், இருமிக்கொண்டே, அந்த மனிதர் கத்திக் கத்திக் கூப்பிட்டார். கதவைத் தோளால் இடித்தார். திறக்கவில்லை. மறுபடி இடித்தார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இல்லீங்க, உள்ள யாருமே இல்லீங்க" என்று காரை ஓட்டுவது போல ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினேன். இப்போது புரிந்துகொண்டார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. வெளியே ஆபத்துக்கு ஊதும் ஊர்ச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கி வந்தால் என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. காலியாகக் கிடந்த தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் ஓடி வருகிறார்கள். தீயணைப்புக்கு அந்த ஊரில் சம்பளத்துக்கு ஆள் இல்லையாம், ஊர்க்காரர்களேதான். சாப்பிட்டுக்கொண்டிருந்த வாயைத் துடைத்தபடி ஒருவர். சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு ஒருவர். சிவப்பு வண்டி சதுக்கத்தைச் சுற்றி வந்து நின்றதும், தலைக்கவசத்தோடு முதலில் குதித்து எல்லாரையும் ஏவியது யார் என்று பார்த்தால் பேக்கரி அம்மாள். என் தோளில் கம்பளியைப் போர்த்தி, விரலில் கிளிப் மாட்டி மூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்தவர் எனக்கு மாத்திரை தராத மருந்துக்கடைக்காரர்.

மேலே போனவர்கள் ஒரு தகட்டை இடுக்கில் விட்டு ஒரு நிமிஷத்தில் கதவைத் திறந்துவிட்டார்கள். தீ என்று எதுவும் இல்லை. தண்ணீர் வற்றி, கொள்ளு கருகி, பாத்திரம் கரியாகி, வீடு முழுக்கப் புகை. பேக்கரி அம்மாள் இடுக்கியில் பாத்திரத்தைத் தூக்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார், "இது என்ன உணவு?" எனக்குக் கொள்ளுக்கு ஆங்கிலம் அந்த நேரத்தில் வரவில்லை. "குதிரை" என்றேன். அவர் அதை மற்றவர்களுக்குச் சொன்னார். எல்லாரும் பாத்திரத்தை இன்னொரு முறை பார்த்தார்கள்.

"இத்தனை பேரும் இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டேன். கோபமாகவே கேட்டேன்.

"வீட்டில். இன்று ஞாயிற்றுக்கிழமை" என்றார்.

வீட்டுக்கு வந்தவர்களை ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? புகை வெளியேறியதும் அலமாரியிலிருந்து தட்டுவடை டப்பாவை எடுத்தேன். முதலில் யாரும் தொடவில்லை. நான் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றேன். பேக்கரி அம்மாள் கையுறையைக் கழற்றி ஒன்றை எடுத்துக் கடித்தார், ஒரு நிமிஷம் யோசித்தார், இன்னொன்று எடுத்தார். அதன்பிறகு டப்பா காலி. கீழ்வீட்டுக்காரர் படியில் சுவரோரமாக நின்றிருந்தார். அவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகள் வரும்போது வண்டி இன்னும் நின்றிருந்தது. கார் நிற்பதற்குள் இறங்கப் பார்த்தாள். "உனக்கு ஒண்ணும் ஆவலயே? அம்மா, இங்க பாரு, ஒண்ணும் ஆவலயே?" என்று என் கை, முகம் எல்லாம் தடவிப் பார்த்து அழுதாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் ஆரம்பித்தாள். "எத்தன தடவ சொன்னேன், சாவி சாவின்னு?"

அவள் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டேன். பிறகு கேட்டேன். "உன்ற இன்னொரு சாவி எங்க?"

"டிராவுல."

"பூட்டுன ஊட்டுக்குள்ள டிராவுல எதுக்கு? யார்கிட்டயாவது குடுத்து வைக்க மாட்டியா?"

"யார்கிட்டம்மா குடுப்பேன்?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்கு வருஷம். நான்கு வருஷம் ஒரு ஊரில் குடியிருந்து, ஒரு சாவியை நம்பிக் கொடுக்க ஒரு வீடு இல்லை. போனில் ஒவ்வொரு வாரமும் "நல்லாருக்கேம்மா" என்பாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் ஊர் மேலா, அவள் மேலா, அந்த "நல்லாருக்கேன்"ஐ நம்பிக்கொண்டிருந்த என் மேலா என்று தெரியவில்லை.

"கீழூட்டுக்காரர்கிட்டக் குடு" என்றேன்.

"அவர்கிட்டயா? அம்மா, உனக்குப் பைத்தியமா? நாலு வருஷமா எனக்கு லெட்டர் போட்டுட்டு இருக்கற மனுசன் அவரு."

அவர் மேலே ஓடிப்போய்க் கதவை அறைந்ததையும், அவள் உள்ளே இருக்கிறாள் என்று நினைத்துத் தோளால் இடித்ததையும் சொன்னேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதையும், பெயரைச் சொல்லாமல், சொன்னேன். மறுநாள் காலை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "நீயே குடு. எனக்குக் கூச்சமா இருக்குது."

பதினோரு மணிக்கு, ஓய்வு நேரம் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, மணியடித்தேன். கதவைத் திறந்தார். வலது தோளில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது சட்டைக் காலர் வழியாகத் தெரிந்தது. சாவியை நீட்டி, மேலே காட்டி, கதவைத் திறப்பது போல விரலைத் திருப்பிக் காட்டினேன். வாங்கிக்கொண்டார். ஒரு விரலைத் தூக்கி இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். காபி கீபி கொடுப்பாராக்கும் என்று நினைத்தேன். ஒரு காகிதத்தோடு வந்தார். ஒரு சாவி பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போட்டு, நான் கையெழுத்து போட எனக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். பேனாவை நீட்டினார். வாசற்படியிலேயே நின்று கையெழுத்து போட்டேன். பதிவுத் தபாலுக்கு நான் வாங்காத கையெழுத்தா? ஆனாலும் இப்படி ஒரு மனிதரா என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் மேலே ஏறினேன்.

மூன்று நாள் கழித்து நான்காவது கடிதம். மகள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் சிரித்துவிட்டாள். திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் சமைப்பது பாதுகாப்பானதல்ல என்று அவர் கருதுகிறாராம். ஆகவே நீராவி எந்திரத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் இயக்குவதில் அவருக்கு மறுப்பு இல்லையாம். நட்பான வணக்கங்களுடன்.

"இவரு யாரு எனக்கு நேரம் ஒதுக்கறதுக்கு?" என்றேன். ஆனால் அடுத்த ஞாயிறு பதினொன்றேகாலுக்குக் குக்கரை ஏற்றினேன். ஆறு விசில். மகள் ஒவ்வொரு விசிலுக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஊர் ஒன்றும் மாறிவிடவில்லை. பேக்கரி அம்மாள் அப்புறமும் முறை தவறினால் முறைத்தார். தட்டுவடை தின்றதெல்லாம் வேறு கணக்கு. மருந்துக்கடைக்காரர் சீட்டு கேட்டார். தீயணைப்பு நிலையத்திலிருந்து, சமையலறையில் என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொல்லி ஒரு படிவம் வந்தது, நான்கு பக்கம். "சமைத்த உணவு" என்ற இடத்தில் மகள் கொள்ளுக்குச் சரியான சொல் தேடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு வித்தியாசம்தான். நாங்கள் சதுக்கத்தைக் கடந்தால் இப்போது ஆட்கள் மகளிடம் நின்று பேசினார்கள். கால் எப்படி இருக்கிறது, அம்மா எப்படி இருக்கிறார். அவள் முதலில் திணறினாள். போகப் போக அவளும் நின்று பேசினாள். நான் பக்கத்தில் குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றேன், ஒரு சொல் புரியாமல்.

நான் கிளம்பும் நாள் காலை ஏழு மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். கேட்காமலே பெட்டியைத் தூக்கினார். "தோள் வலிக்குமுங்க, வேண்டாமுங்க" என்றேன். காதில் வாங்கவில்லை. தெருவில் கொண்டுவந்து வைத்தார், தலையைக் குனிந்தார், உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வந்த ஒறம்பரை ஊருக்குக் கிளம்பும்போது போய் வாங்க என்று ஒரு சொல் சொல்ல மாட்டார்களா? நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். மகள், "டைம் ஆச்சும்மா" என்றாள்.

ஸ்டேஷனுக்கு அவள் கைத்தடி மட்டும் ஊன்றி நடந்தாள். நேரம் தவறாத ரயில் என்று ஊரெல்லாம் சொல்கிற அந்த ரயில் முதலில் பத்து நிமிஷம் தாமதம் என்று பலகையில் வந்தது. பிறகு இருபத்தைந்து. பிறகு ரத்து. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. விமானத்துக்குப் போதுமான நேரம் இருந்தது என்றாலும் மகளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. தடியால் தரையைத் தட்டி, "பாட்டில் போட நேரம், சமைக்க நேரம், எல்லாத்துக்கும் சட்டம். ஒரு ரயில ஒழுங்கா ஓட்டத் துப்பில்ல இவங்களுக்கு!" என்று தமிழில், ஸ்டேஷனே கேட்கிற மாதிரி கத்தினாள். நடைமேடையில் இருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உடு சாமி, அடுத்த வண்டி வரும்" என்றேன். பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எலுமிச்சம் சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தோம்.